அடுத்த வருஷத்தில் வேலை பார்த்தவர்கள்

திருத்தங்கலில் நான் வேலை பார்த்த காலண்டர் அச்சகத்தில் வருடம் ஆடி மாதமே மாறிவிடும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்கள் வெளிவரும். ஏஜென்டுகள் வந்து வாங்கிப்போவார்கள். அன்றிலிருந்து மார்கழி வரை அந்தக் கட்டடத்துக்குள் நாங்கள் எல்லோரும் அடுத்த ஆண்டில்தான் இருப்போம். சுவரில் தொங்கும் நடப்பு ஆண்டுக் காலண்டரில் தாள் கிழிக்கக்கூட யாருக்கும் நினைவிருக்காது.

தினசரிக் காலண்டர் தாள்களைச் சரிபார்ப்பது என் வேலை. அதை இரண்டு பேர் சேர்ந்துதான் செய்வோம். ஒருவர் மூலப்பிரதியை வாய்விட்டுப் படிப்பார். மற்றவர் அச்சுப்படியில் விரல் வைத்துக்கொண்டே போவார். தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், ராகுகாலம், எமகண்டம். படிப்பவர் ஒவ்வொரு தாளுக்கும் ஆண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அச்சகத்தின் விதி. ஒரு நாளைக்கு நூறு தாள் பார்த்தால், வரப்போகும் ஆண்டின் எண்ணை நூறு தடவை கேட்டிருப்பேன்.

எனக்குப் படித்தவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்த ஒரு அக்கா. மூச்சு விடாமல் படிப்பார். நடுவில் வேறு கதை பேசிவிட்டு அதே தாளின் அதே வரிக்குத் திரும்புவார். ஒருமுறை தன் மகனின் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டு, கீழே அடுத்த ஆண்டுத் தேதியை எழுதி அனுப்பிவிட்டார். தலைமை ஆசிரியை ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"நீங்க போட்டிருக்க தேதிக்கு ஒங்க மகன் அடுத்த கிளாஸ்ல இருக்கணும்மா, நாங்க பாஸ் போடுறதுக்கு முன்னாடி நீங்களே போட்டுட்டீகளேங்காக," என்று அக்கா திரும்பி வந்து எங்களிடம் சொன்னார். "இருந்துட்டுப் போகட்டும், ஒரு வருச பீஸ் மிச்சம்னு சொல்லிட்டு வந்தேன்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தத் தவறை அச்சகத்தில் செய்யாதவர்கள் யாரும் இல்லை. நான் மட்டும் அதுவரை செய்ததில்லை.

அந்தக் கோடையில்தான் நான் கணினிப் பொறியியல் முடித்திருந்தேன். கல்லூரி விருதுநகருக்கு வெளியே இருந்தது, வீடு ஆமத்தூரில். படிக்கும்போது ஒரு நாளிதழின் மாணவர் பக்கத்துக்குச் செய்தி எழுதி அனுப்புவேன். யார், எங்கே, எப்போது என்ற மூன்றும் முதல் பத்தியிலேயே வந்தாக வேண்டும் என்று உதவி ஆசிரியர் ஒருவர் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவார். அதைக் கேள்விப்பட்டுத்தான் அச்சக முதலாளியான அண்ணாச்சி என்னைச் சேர்த்துக்கொண்டார். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி எடுத்துக்கொள்ளும் வரைக்கும்தான் இந்த வேலை என்று நான் முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன்.

அதற்குள் இரண்டு கம்பெனிகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. முதலாவது சென்னையில். எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்து ஒரு தலைப்பில் விவாதிக்கச் சொன்னார்கள். நான் வாய் திறந்தது ஒரே ஒரு தடவை. பக்கத்திலிருந்தவர் சொன்ன தகவல் ஒன்று பிழை என்று சொன்னேன். அது பிழைதான். இருந்தாலும் அவரை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது கோயம்புத்தூரில். எழுத்துத் தேர்வில் ரயில்களும் தண்ணீர்த் தொட்டிகளுமாகக் கணக்குகள் வந்தன. நேரம் போதவில்லை.

மூன்றாவதற்கான மின்னஞ்சலைத் தீபாவளி முடிந்த வாரம் சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் பார்த்தேன். மதுரையில் ஒரு கல்லூரியில் சனிக்கிழமை நேர்முகத் தேர்வு. அறுபது சதவீதம் வேண்டும், அரியர் கூடாது, இந்த ஆண்டு படிப்பு முடித்தவர்கள் மட்டும் வரலாம். அந்தக் கடைசி நிபந்தனை எல்லாக் கம்பெனிகளிலும் இருந்தது. ஜனவரி பிறந்துவிட்டால் நாங்கள் போன ஆண்டுக்காரர்கள். அதன்பிறகு எங்களை யாரும் அழைக்க மாட்டார்கள். எங்களுக்குப் பின்னால் முடிப்பவர்களை அழைப்பார்கள். ஆகவே எனக்கு இருந்தது இந்த ஒரு சனிக்கிழமைதான்.

அக்காவுக்கு அதை விளக்கினேன். உடனே புரிந்துகொண்டார்.

"வருசம் தாண்டுன காலண்டர் மாதிரின்னு சொல்லு. பிள்ளைக நோட்டுக்கு அட்டை போடத்தான் ஆகும்."

"அப்படித்தான்க்கா."

"அப்ப இந்தத் தடவை வித்துருடி."

அண்ணாச்சியிடம் லீவு கேட்டபோது அவர் லோடு ஏற்றுவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீசன்ல லீவு கேக்கீகளே. நியாயமா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள என் பங்கு பூராவும் பாத்து முடிச்சுருறேன் அண்ணாச்சி."

"முடிச்சுட்டுப் போங்க. அங்கன செலெக்ட் ஆயிட்டா இங்கன யாரு பாக்குறது?"

"அக்கா இருக்காங்க."

"அவுக கையெழுத்துப் போட்டா காலண்டர் இன்னும் ஒரு வருசம் முன்னாடி போயிரும்," என்றார். லாரிக்காரரும் சிரித்தார். லீவு கிடைத்தது.

அதற்காக அந்த வாரம் முழுவதும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தாள் பார்த்தேன். வெள்ளிக்கிழமை கடைசித் தாள் முடிந்தபோது என் காதில் அந்த ஆண்டின் எண்ணைத் தவிர வேறு எண் எதுவும் இல்லை.

சனிக்கிழமை விடியுமுன் கிளம்பினேன். அப்பா பஸ் ஏற்றிவிட்டார். அவர் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து எடை போடுகிறவர். தீபாவளிக்குப் பிறகு கம்பெனி மூடியிருந்ததால் வீட்டில் இருந்தார். எதற்கும் அதிகம் பேச மாட்டார். "ஃபைல எடுத்தியா பாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

மதுரைக் கல்லூரியின் மைதானம் ஏழரை மணிக்கே நிறைந்துவிட்டது. எல்லோர் கையிலும் ஒரே மாதிரியான நெகிழி ஃபைல். பையன்களில் பாதிப் பேர் காலுக்குப் பொருந்தாத ஷூவோடு நடந்தார்கள். விடுதியில் இரவல் வாங்கியவை. ஒரு வேப்பமரத்தடியில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தன்னைப் பற்றிய அறிமுகத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்ன பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வார்த்தை வராமல் நின்றார்.

எழுத்துத் தேர்வு காலையில். முடிவை ஒரு மணிக்கு நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். என் எண் இருந்தது. தேறியவர்களுக்கு நான்கு பக்கப் படிவம் கொடுத்தார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து நிரப்பினேன். அனுபவம் என்ற இடத்தில் காலண்டர் அச்சகம் என்று எழுதினேன். எழுதி முடித்ததும் அச்சகத்தில் செய்வதுபோலவே முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தேன். பிழை இல்லை. இன்னொரு தடவையும் படித்தேன். இல்லை.

முதல் அறையில் தொழில்நுட்பக் கேள்விகள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மெலிந்த மனிதர். காலையிலிருந்து பேசிப் பேசிக் குரல் கம்மியிருந்தது. வழக்கமான கேள்விகளைக் கேட்டார். ஒரு சொல்லைத் திருப்பிப் போட நிரல் எழுதச் சொன்னார். இறுதியாண்டு புராஜெக்டில் என் பங்கு எது, மற்றவர்கள் பங்கு எது என்று பிரித்துச் சொல்லச் சொன்னார். பிறகு படிவத்தைப் புரட்டினார்.

"காலண்டர் அச்சகமா? சரி, எந்த ஆண்டைக் கொடுத்தாலும் அதற்குக் காலண்டர் அச்சிடும் நிரல் எழுதுங்கள்."

அவர் பேசியது ஆங்கிலத்தில். நான் பதில் சொன்னதும் ஆங்கிலத்தில்தான், நினைவில் இருப்பது தமிழில். காலண்டர் மொத்தம் பதினான்கு வகைதான் என்றேன். ஜனவரி முதல் தேதி ஏழு கிழமைகளில் ஒன்றில் வரும், அது லீப் ஆண்டாக இருக்கலாம் அல்லது இல்லாமல் இருக்கலாம். எங்கள் அச்சகத்தில் மாதக் காலண்டருக்கான ஃபிலிம்களைப் பதினான்கு உறைகளில் போட்டு அலமாரியில் வைத்திருப்பார்கள். எந்த ஆண்டானாலும் அதற்குரிய உறையைத் தேடி எடுத்தால் போதும். நிரலும் அப்படித்தான், சரியான உறையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அவர் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் வந்தார். எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, "ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைக் கொடுத்தால்?" என்றார்.

பார்த்தேன். நான்கால் வகுபட்டால் லீப் ஆண்டு என்று மட்டும் எழுதியிருந்தேன். நூறால் வகுபடும் ஆண்டுகளுக்குத் தனி விதி உண்டு. அது விட்டுப்போயிருந்தது.

"எங்கள் அலமாரி அவ்வளவு பழசு இல்லை சார்," என்று சொல்லித் திருத்திக் கொடுத்தேன். அவர் படிவத்தின் மூலையில் ஏதோ எழுதி அடுத்த அறைக்கு அனுப்பினார். வெளியே வந்ததும் காத்திருந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். என்ன கேட்டார், எத்தனை நிமிடம், சிரித்தாரா. காலண்டர் என்றதும் நான்கைந்து பேர் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். இன்னொருவரிடம் அதைக் கேட்கமாட்டார் என்று சொன்னேன். நம்பவில்லை.

அடுத்த அறையில் ஹெச்.ஆர். அதிகாரி, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். என் படிவத்தையும் அசல் மதிப்பெண் சான்றிதழையும் அருகருகே வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நீங்கள் படிப்பை எப்போது முடித்தீர்கள்?"

"இந்த ஏப்ரலில் மேடம்."

படிவத்தை என் பக்கம் திருப்பினார். முடித்த ஆண்டு என்ற இடத்தில் அடுத்த ஆண்டின் எண் இருந்தது. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதியிலும் அதுவே. என் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், தெளிவாக. இரண்டு தடவை விரல் வைத்துப் படித்தபோதும் அந்த எண் எனக்குச் சரியாகவே தெரிந்திருக்கிறது.

அச்சகத்தில் எப்படி வேலை செய்கிறோம் என்று சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, அரியரை முடிக்காமலே போலிச் சான்றிதழோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார். பரபரப்பில் படிவத்தை நிரப்பும்போது தங்களை அறியாமல், உண்மையில் படிப்பை முடிக்கப்போகும் ஆண்டை எழுதிவிடுவார்களாம். அப்படித்தான் பிடிபடுவார்களாம்.

"அச்சகம் எந்த ஊரில்?"

"சிவகாசிப் பக்கம்."

"உங்கள் ஊரில் எதையும் அச்சடித்துத் தருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்," என்றார். சிரிக்கவில்லை. என் சான்றிதழை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

என் பையில் முந்தின நாள் வேலைச் சீட்டு ஒன்று இருந்தது. சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து, பக்கத்தில் அதே நாள், அதே மாதம், அடுத்த ஆண்டு. அதை நான் எழுதியதே அப்போதுதான் தெரிந்தது. எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்கள் இந்தத் தவறை அடிக்கடி செய்கிறீர்கள் என்பதைத்தான் இது காட்டுகிறது."

அழுகை வரும்போல இருந்தது. அதற்குப் பதிலாக, என்ன கொண்டுவந்தால் ஒப்புக்கொள்வீர்கள் என்று கேட்டேன். அவர் யோசித்தார். கல்லூரியிலிருந்து முத்திரையோடு ஒரு கடிதம், இந்த ஆண்டு எல்லாப் பாடங்களிலும் தேறி முடித்தவர் என்று. திங்கட்கிழமை பன்னிரண்டு மணி வரை இங்கேதான் இருப்போம், அதற்குப் பிறகு பட்டியல் சென்னைக்குப் போய்விடும். அவ்வளவுதான் சொன்னார். என் படிவத்தைத் தனியாக ஒரு நாற்காலியில் வைத்தார்.

மணி மூன்றரை. சனிக்கிழமை எங்கள் கல்லூரி அலுவலகம் ஒரு மணிக்கே மூடியிருக்கும்.

வீட்டில் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"தேதிதான தப்பு?"

"ஆமாப்பா."

"எங்க வேலையில எடை தப்புனாத்தான் திரும்ப எழுத முடியாது. தேதி தப்புனா வெடிக்காது. ஒங்க காலேஜ் ஆபீஸ் சூப்பிரண்டு வீடு எங்கன இருக்கு?"

வீடு தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கே இருப்பார் என்று தெரியும். காலை ஆராதனை முடிந்து கூட்டம் வெளியே வந்தபோது நானும் அப்பாவும் விருதுநகர் சர்ச் வாசலில் மொபெட்டோடு நின்றுகொண்டிருந்தோம். சூப்பிரண்டு வெள்ளைச் சட்டையில், பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா, காலேஜில இருந்தவரைக்கும் பீஸ் கட்ட ஆபீஸ் பக்கம் கடைசி நாள்தான் வருவீக. இப்ப கோயில் வரைக்கும் வந்துருக்கீக?"

சொன்னேன். அவர் பலமாகச் சிரித்தார். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சாவி அவரிடம் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, தன் ஸ்கூட்டரில் கல்லூரிக்கு வந்து அலுவலகத்தைத் திறந்தார். முதல்வருக்காகக் கையெழுத்திடும் அதிகாரம் அவருக்கு இருந்தது. பேரேட்டை எடுத்து என் பதிவெண்ணைத் தேடினார். தட்டச்சு எந்திரத்தில் தாளைச் செருகி இரண்டு பத்திகள் அடித்தார். மேலே தேதி அடிக்கும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் தேதியை அடித்தார்.

"சார், இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

"அதான் நாளைக்குத் தேதி போட்டேன். ஆபீஸ் லெட்டர்ல ஞாயித்துக்கிழமை தேதி இருந்தா எவன் நம்புவான்? லீவு நாள்ல எப்படிக் குடுத்தாகன்னு அதுக்கு வேற கேள்வி கேப்பாக."

அவர் சொன்னதும் நியாயம்தான். இந்த அலுவலகத்தில் எத்தனையோ கடிதங்கள் அப்படித்தான் போயிருக்கும். கையில் வாங்கிக்கொண்டு காலையில் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனால் எட்டரைக்கு அங்கே நிற்கலாம். ஆனால் எட்டரைக்கு, திறக்காத ஓர் அலுவலகத்தில் அன்றைக்கே கொடுத்த கடிதம் என் கையில் எப்படி வந்தது? அந்த ஹெச்.ஆர். அம்மாள் அதைக் கேட்பார். வராத தேதி போட்ட இன்னொரு தாளை அவர் மேசையில் வைக்க நான் தயாராக இல்லை.

"வேண்டாம் சார். நாளைக்கு ஆபீஸ் திறந்ததும் வந்து வாங்கிக்கிடுதேன். டெஸ்பாட்ச் நம்பர் போட்டே குடுங்க."

"பன்னெண்டு மணிக்குள்ள மதுரைக்குப் போகணும்னு சொன்னீக."

"போயிருவேன் சார்."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, "அது சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றார். முந்தின நாள்தான் ஆண்டையே தப்பாக எழுதிய மகளைப் பற்றி அவர் சொன்னது அது.

திங்கட்கிழமை மழை. ஒன்பது மணிக்குத் திறக்க வேண்டிய அலுவலகம் ஒன்பதே காலுக்குத் திறந்தது. பேரேட்டில் பதிந்து, எண் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தபோது ஒன்பது நாற்பது. சூப்பிரண்டு கடிதத்தை ஒரு பாலித்தீன் பையில் போட்டுத் தந்தார். அப்பா மழையோடு மழையாக பஸ் ஸ்டாண்டில் கொண்டுவிட்டார். பஸ் கிளம்பிய பிறகுதான் நான் மணி பார்ப்பதை நிறுத்தினேன். பார்த்து ஆகப்போவது எதுவும் இல்லை. மதுரையில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கல்லூரிக்குள் நுழைந்தபோது பதினொன்றரை தாண்டியிருந்தது.

ஹெச்.ஆர். அதிகாரி கடிதத்தைப் படித்தார். முத்திரையைப் பார்த்தார். கடிதத்தில் அச்சாகியிருந்த தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, தன்னிடமிருந்த கல்லூரிகள் பட்டியலில் தேடி வேறு எண்ணுக்குப் பேசினார். அவர் சரிபார்க்கும் முறை எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பக்கம் சூப்பிரண்டின் குரல் எனக்கே கேட்டது. டெஸ்பாட்ச் எண்ணைச் சொல்லிவிட்டு, "இங்கயிருந்துதான் காலையில போச்சு மேடம் அந்தப் பிள்ள, மழையில நனைஞ்சுட்டு," என்றார்.

அவர் போனை வைத்துவிட்டு, பழைய படிவத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்தார். அதில் திருத்தக்கூடாது என்று புதிய படிவம் ஒன்றைத் தந்தார். அவர் எதிரிலேயே உட்கார்ந்து நிரப்பினேன். ஆண்டு வரும் இடங்களில் ஒவ்வொரு இலக்கமாக எழுதினேன். எழுதி முடித்ததும் கொடுக்கவில்லை.

"மேடம், ஒரு உதவி. என் சான்றிதழை நீங்கள் வாய்விட்டுப் படிக்க முடியுமா? நான் படிவத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். என் கண்ணை மட்டும் நம்ப முடியாது."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சான்றிதழை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். பதிவெண், பிரிவு, பாடங்கள், மதிப்பெண். படித்து முடித்த மாதம். ஆண்டு. அந்த எண்ணில் என் விரல் நின்றது. "சரி" என்றேன். அச்சகத்தில் சொல்வதுபோலச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். கடைசியாகச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து அன்றைய தேதியையும் அவரே படித்தார். அதுவும் சரியாக இருந்தது.

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு என் படிவம் மற்றவர்களுடைய கட்டோடு சேர்ந்தது.

வேலைக்கான கடிதம் மூன்று வாரம் கழித்துக் கூரியரில் வந்தது. அச்சகத்துக்கு எடுத்துப்போய் அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதையும் தாள் சரிபார்ப்பதுபோலவே முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தார். பணியில் சேர வேண்டிய நாளுக்கு வந்ததும் நின்றார். அடுத்த ஆண்டின் முதல் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி.

"ஏடி, காலண்டர்ல இந்த நாளுத் தாள நாம ரெண்டு பேரும் பாத்தாச்சுல்ல?"

"பாத்தாச்சுக்கா."

"ஏழரை ஒம்பது ராகுகாலம். அதுல தப்பிச்சுட்ட." இன்னும் கொஞ்சம் யோசித்தார். "ஆனா அன்னைக்கு அஷ்டமி."

"தெரியும்க்கா. நான்தான் சரின்னு கையெழுத்துப் போட்டேன்."

"நாள் மாத்தித் தரச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்."

"தேதி விஷயமா அவங்ககிட்ட இனிமே ஒண்ணும் கேக்கமாட்டேன்," என்றேன்.

அந்த அஷ்டமியில்தான் வேலையில் சேர்ந்தேன்.